வாடை இல்லாத வாசல்

முப்பது வருஷமாகப் பழவேற்காட்டில் கருவாடு விற்ற தேசம்மாவுக்கு, கீமோ ஏறியதிலிருந்து மீன் வாடையே ஆகவில்லை. மூக்கில் பட்டாலே குடல் வாய்க்கு வந்தது. எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரவும், இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளவும் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். குமட்டல் கொஞ்சம் அடங்கியது.

குப்பத்துப் பெண்கள் கருவாடு காயவைப்பது தேசம்மாவின் வாசல் மணலில்தான். பகலெல்லாம் காக்கை ஓட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். அவள் படும் பாட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பூவிழிதான் எல்லோரையும் கோயில் பக்கம் கிளப்பிக்கொண்டு போனாள்.

"நீ நிம்மதியா படுத்துக்கோக்கா."

வாடை போயிற்று. பேச்சும் கூடவே போயிற்று. நல்ல மனசோடு செய்ததை யாரிடம் போய்க் குறை சொல்வது? மூன்று வாரம் வெறும் மணலைப் பார்த்தபடி கிடந்தாள். இன்று காலை, இல்லாத காக்கையை "ச்சூ" என்று ஓட்டினாள். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள்.

எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, நின்று நின்று கோயில் வரை நடந்தாள்.

பூவிழி பதறி எழுந்தாள். "இன்னாக்கா, இங்க வந்துட்ட? வாடை ஒத்துக்காதே!"

"வாந்தி வந்தா எடுத்துட்டுப் போறேன். எல்லாத்தையும் வாரிக்கினு என் வாசலுக்கு வாங்கடி."