நாலு சக்கரத்துக்கு ஒரு கையெழுத்து

அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும், தரை மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி. அவர் பதித்த தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். குளியலறையில் வைத்தால் நேராகத் தண்ணீர் போகும் ஓட்டையைத் தேடிப் போகும். ஒருமுறை பாதிக் கூடம் பதித்து முடித்த பிறகு, ஒரு வரிசை நூலளவு விலகியிருப்பது அவர் கண்ணில் பட்டது. வீட்டுக்காரர் ஆயுசுக்கும் கவனித்திருக்க மாட்டார். மேஸ்திரி அந்த வரிசையைப் பெயர்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவருக்கும் அதில் ஒரு கர்வம் இருந்தது.

நாற்பத்தெட்டாவது வயதில் புதுக் கார் வாங்கினார். மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம். "வாங்குறதுதான் வாங்குறீங்க, அலாய் வீல் போட்டதா வாங்குங்கப்பா. மத்ததெல்லாம் தட்டை மூடி வச்ச மாதிரி இருக்கு" என்றாள் மகள். வெள்ளி நிறத்தில், ஐந்து கைகள் விரித்த பூப்போல இருந்த அந்தச் சக்கரங்களைப் பார்த்ததும் அவருக்கே ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய பனியனும் எடுத்துக்கொண்டு தெருவில் குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும். "எம்மூஞ்சியை ஒரு நாளாவது இப்படி உத்துப் பாத்திருப்பீங்களா?" என்று மனைவி வாசலில் நின்று கேட்பாள்.

இரண்டாவது வருடம், வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டு வாசலில் காரை நிறுத்தியிருந்தார். மாடியில் தரை கழுவிய சிமெண்ட் பால் குழாய் வழியாக இறங்கி, நாலு சக்கரத்திலும் தெறித்துக் காய்ந்துவிட்டது. சாயங்காலம் பார்த்தபோது சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. தண்ணீரில் தேய்த்தார், போகவில்லை. நகத்தால் சுரண்டினார், கீறல் விழுமோ என்று பயம். பக்கத்திலேயே டைல்ஸ் கறை போக்குகிற ஆசிட் கேன் இருந்தது.

இருபத்திரண்டு வருடம் அந்த ஆசிட்டோடு புழங்கியவர் அவர். அலுமினிய வாளியில் அதை ஊற்றினால் வாளி நுரைத்துப் போகும் என்று புதிதாக வருகிற ஆட்களுக்கு அவரேதான் சொல்லிக்கொடுப்பார். அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஆனால் வந்தது. வந்தும், தண்ணீரில் கலந்து கொஞ்சம்தானே, உடனே கழுவிவிடலாம் என்று பிரஷ்ஷை எடுத்தார். சிமெண்ட் கரைந்து ஓடியது. சக்கரங்கள் பளபளவென்று ஆயின. நிம்மதியாக வீட்டுக்கு வந்தார்.

மூன்று மாதம் கழித்து, மேல்பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள் கிளம்பின. பிறகு கொப்புளம். பிறகு தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. ஒன்றில் வந்தது நாலிலும் வந்தது.

மனைவியின் தம்பி செல்போன் கடை வைத்திருந்தான். பொருளைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களைத் தினமும் சமாளிப்பவன் என்பதால், வாரண்டி விஷயத்தில் தன்னைக் கரைகண்டவனாக நினைத்துக்கொள்வான். குனிந்து பார்த்தான்.

"மாமா, மூணு வருஷ வாரண்டி இருக்குல்ல? அரிப்புக்கும் சேத்துத்தான் எழுதியிருக்கான். நேரா போய்க் கேளுங்க."

"நான்தான் ஆசிட் போட்டேன்டா."

"அதை எதுக்கு நீங்களா சொல்றீங்க? கேட்டா தண்ணின்னு சொல்லுங்க. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு நாலு வீல் ஒரு விஷயமா?"

பெரிய கம்பெனி என்ற சொல் அவருக்கு வசதியாக இருந்தது. அதற்கு முகம் கிடையாது.

சர்வீஸ் சென்டரில் வாரண்டி மேஜையில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். எல்லோரும் மேடம் என்றார்கள், அவரும் அப்படியே கூப்பிட்டார். அவளே வெளியே வந்து, தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் நாலைந்து கோணத்தில் படம் எடுத்தாள். பிறகு உள்ளே உட்கார வைத்துப் படிவத்தை நிரப்பத் தொடங்கினாள்.

"வண்டி கழுவ என்ன யூஸ் பண்றீங்க சார்?"

"தண்ணி, ஷாம்பு."

"ஆசிட், பாத்ரூம் க்ளீனர், அந்த மாதிரி எதாவது?"

"அதெல்லாம் இல்ல மேடம்."

"வெளியில எங்கயாவது வாட்டர் வாஷ் விட்டீங்களா?"

"இல்ல. சர்வீஸுக்கு விடும்போது இங்கயே கழுவித் தர்றதுதான்."

அந்தக் கடைசி பதில் முழு உண்மை. அதைச் சொன்னபோது அவருக்குக் குரல்கூடத் தெளிவாக வந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினார். வெடித்துக் கறுத்திருந்த அவர் விரல்களை அவள் பார்த்தாள்.

"என்ன வேலை சார் பண்றீங்க?"

"டைல்ஸ் மேஸ்திரி."

"எங்கப்பாவும் கொத்தனார்தான். அவர் கையும் இப்படித்தான் இருக்கும்" என்றாள். அவரைக் கேட்காமலேயே டீ வரவழைத்தாள். "உங்க வேலையை நான் பாத்துக்கறேன். கம்பெனி ஆள் வந்து எதாவது நொட்டை சொல்லுவார். விடமாட்டேன்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

பத்து நாள் கழித்து அவள் போன் செய்தாள். கம்பெனியிலிருந்து வந்து பார்த்தவர், இது தயாரிப்புக் குறை இல்லை, நாலிலும் ஆசிட் பட்டிருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனாராம். மேஸ்திரிக்கு மாட்டிக்கொண்டோம் என்ற எண்ணத்தோடு, அப்பாடா முடிந்தது என்ற எண்ணமும் சேர்ந்தே வந்தது. ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"நான் விடல சார். கஸ்டமர் தண்ணியும் ஷாம்புவும்தான் போட்டிருக்கார், மத்தபடி எல்லா வாஷும் நம்ம இடத்துலதான்னு சொன்னேன். அப்பதான் மேனேஜர் வாஷிங் பக்கம் போய்ப் பாத்தார். அங்க தரை கழுவுற ஆசிட் கேன் இருந்திருக்கு. நம்ம தப்புதான் சார். நாலு வீலும் நாங்களே மாத்தித் தர்றோம். சனிக்கிழமை வாங்க."

அவர் "சரிங்க மேடம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அது வாய்க்கு வரவில்லை.

சனிக்கிழமை புதுச் சக்கரங்களோடு கார் வாசலில் நின்றது. மேனேஜர் கைகுலுக்கினார். பக்கத்தில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஈரம் காயாத சட்டை. ஒவ்வொரு சர்வீஸின்போதும் அவர் கார் கழுவுவதை மேஸ்திரி கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்திருக்கிறார், பேசியதில்லை.

"சொல்லும்மா" என்றார் மேனேஜர்.

"மன்னிச்சுக்கங்க சார்" என்றார் அந்தப் பெண்மணி. "நான் வேணும்னு செஞ்சிருக்க மாட்டேன். எப்படி நடந்துச்சுன்னு தெரியல. என்னால உங்களுக்கு அலைச்சல்."

மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். வாரண்டி மேடம் கண்ணாடிக் கதவருகில் சிரித்த முகத்தோடு நின்றிருந்தாள்.

"பரவாயில்லம்மா" என்றார் மேஸ்திரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். எதையாவது சொல்லி அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும் என்ற அவசரத்தில் இன்னொன்றும் வாயில் வந்துவிட்டது. "இனிமே பாத்துச் செய்யுங்க."

அந்த அம்மா தலையாட்டினார். மூன்று மாதம் அவரை வெளியே பெருக்குகிற வேலைக்கு மாற்றியிருப்பதாக மேனேஜர் சொன்னார், வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்துகிற குரலில்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு மர நிழலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நேரம் கம்பெனிதான், கம்பெனிதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கார் கழுவவில்லை. அடுத்த ஞாயிறும் கழுவவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்ட மனைவியிடம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். அவள் தம்பி சொல்லித்தான் போனேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. முடிவு தன்னுடையதுதானே என்று பட்டது. அவள் ஆசிட்டைப் பற்றிக் கேட்கவில்லை, சக்கரத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்தம்மா மன்னிப்புக் கேட்டதும் நீங்க மன்னிச்சீங்களா?" என்றாள்.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினாள். வெங்காயத்துக்காகவா என்று அவருக்குத் தெரியவில்லை.

உடனே போய்ச் சொல்லிவிட்டார் என்று எழுதத்தான் ஆசை. இரண்டு முறை சர்வீஸ் சென்டர் வாசல்வரை போய்த் திரும்பினார். ஒருமுறை, அந்த அம்மா நீண்ட துடைப்பத்தோடு பார்க்கிங்கைப் பெருக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, வண்டியை நிறுத்தாமலே ஓட்டிப் போனார். வேலையிலும் கை ஓடவில்லை. ஒரு வீட்டில் சமையலறைத் தரை ஒரு பக்கம் சரிந்து வாட்டமாகிவிட்டது. கூட வேலை செய்பவர் சுட்டிக்காட்டியபோது, அவரையே வாயில் வந்தபடி திட்டினார். இருபது வருடப் பழக்கத்தில் முதல்முறை. அந்த மனிதர் சிமெண்ட் பூசும் கரணையைக் கழுவி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அடுத்த நாள் காலை மேஸ்திரி வேலைக்குப் போகாமல் சர்வீஸ் சென்டருக்குப் போனார்.

வாரண்டி மேடம் அவரைப் பார்த்ததும், "என்ன சார், வீல்ல எதாவது பிரச்சனையா?" என்று எழுந்தாள்.

"ஆசிட் போட்டது நான்தான் மேடம்" என்றார் அவர், நின்றபடியே. "டைல்ஸ் ஆசிட். அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன். அந்தம்மா மேல தப்பு இல்ல."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். கணினித் திரையைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். அவரை உட்காரச் சொல்லவில்லை.

"உங்க கையைப் பாத்து நம்பினேன்" என்றாள். ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினாள். "எழுதிக் கொடுங்க."

அவர் எழுத்து அழகாக இராது. அரைப் பக்கம் எழுத அரைமணி நேரம் ஆனது. மேனேஜர் வந்தார், முதலில் போலீஸ் என்றார், பிறகு வக்கீல் என்றார், பிறகு குரல் தணிந்து, பழைய சக்கரங்கள் பின்னால் கொட்டகையில்தான் கிடக்கின்றன, அதையே மாட்டி அனுப்பிவிடலாம் என்றார். மேஸ்திரி எல்லாவற்றுக்கும் சரி என்றார். "அந்தம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க. எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அந்த அம்மா துடைப்பத்தைக் கதவுக்கு வெளியே சாத்திவிட்டு வந்தார். மெக்கானிக்குகள் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். மேஸ்திரி சொல்லி முடித்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

"அந்த ஆசிட்டை நான் தரைக்குத்தான் ஊத்துவேன். வீலுக்கு ஊத்தினதே இல்ல" என்றார் அந்த அம்மா. "ஆனா எல்லாரும் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. மறதியில ஊத்திட்டேனோன்னு. இத்தனை நாளா எங்கையை நானே நம்பல சார்."

மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"வீட்டுல வேற போய்ச் சொன்னேன். அவ்வளவு நஷ்டம் பண்ணியும் அந்த சார் ஒரு வார்த்தை திட்டல, நல்ல மனுசன்னு."

அவ்வளவுதான். மேனேஜர் ஏதோ சொல்லவந்தார். அந்த அம்மா காத்திருக்கவில்லை. அலமாரிக்கு அடியில் கிடந்த ரப்பர் பூட்ஸை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, தண்ணீர்க் குழாய் இருக்கிற பக்கம் நடந்தார். யாரும் தடுக்கவில்லை.

புழு ஊர்ந்த சக்கரங்களோடு கார் வீட்டுக்கு வந்தது. மகள் வாசலிலேயே பார்த்துவிட்டாள். அவளிடமும் சொன்னார். மற்ற இரண்டு முறையைவிட அது கடினமாக இருந்தது. அவள் கேட்டுவிட்டு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றார். மறுநாள் காலை கல்லூரிக்குக் கொண்டுவிடச் சொல்லாமல் பஸ்ஸில் போனாள். அந்த வாரம் முழுக்க பஸ்தான். அடுத்த வாரம் ஒன்றும் பேசாமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

அவர் அதே சர்வீஸ் சென்டருக்குத்தான் இன்னமும் போகிறார். வேறு இடத்துக்குப் போகலாமே என்று மச்சான் சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை. வாரண்டி மேடம் அவரிடம் மரியாதையாக, தேவையான அளவு மட்டும் பேசுகிறாள். டீ வருவதில்லை. மற்றவர்கள் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது, அவர் வெளியே வெயிலில் நிற்கிறார். கடந்த முறை அந்த அம்மாதான் காரைக் கழுவினார். பள்ளம் விழுந்த சக்கரங்களையும் மற்ற எந்தச் சக்கரத்தையும் போல இண்டு இடுக்கு விடாமல் தேய்த்தார். சாவியைக் கொண்டுவந்து கொடுத்தபோது, "தண்ணியும் ஷாம்புவும்தான் சார் போட்டேன்" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று பார்க்க அவர் தலையை நிமிர்த்தவில்லை. சரிங்கம்மா என்று சாவியை வாங்கிக்கொண்டார்.