பிடுங்கிய கிழங்கும் பிடுங்காத கிழங்கும்

எழுபதுகளின் கடைசியில் மல்லசமுத்திரம் பக்கத்தில் எங்களுக்கு ஒரே ஏக்கர் மரவள்ளி. வீட்டுச் சோறு, துணி எல்லாம் அதிலிருந்துதான். மரவள்ளிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மண்ணில் இருக்கும்வரை வாரக்கணக்கில் பொறுத்திருக்கும். பிடுங்கிவிட்டால் இரண்டாம் நாளே உள்ளே நீலம் பாய்ந்து கருக்கத் தொடங்கும். கருத்த கிழங்கை எந்த ஜவ்வரிசி ஆலையும் தொடாது.

விலை ஏறியது என்று காதில் விழுந்தால் ஊரே ஒரே நாளில் பிடுங்கும். ஆலை வாசலில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அடுத்த வாரம் அதே ஆலை கிழங்கில்லாமல் ஈ ஓட்டும். இந்தக் கூத்து பொறுக்காமல் ஆலைக்காரர் ஒரு வருடம் புது ஏற்பாடு செய்தார். யார் காட்டில் எந்த நாள் பிடுங்குவது என்று முறை போட்டார். அந்த நாளில் ஆட்களும் டிராக்டரும் ஆலையிலிருந்தே வரும். பிடுங்கிய கிழங்கு அன்றைக்கே அரைபடும்.

நான் சேரவில்லை. என் காட்டில் எப்போது பிடுங்குவது என்று இன்னொருவன் சொல்வதா என்ற வீம்பு. முதல் ஆளாகச் சேர்ந்தவன் என் சித்தப்பா மகன். கிணற்றுத் தகராறில் அவனோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லை. "ஆலைக்காரனுக்கு அடிமையாயிட்டான்" என்று டீக்கடையில் அவன் காதுபடவே சொன்னேன்.

பிறகு நானே ஆள் பிடித்து, முழு ஏக்கரையும் பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

"முறை இல்லாத லோடை இறக்க முடியாதுங்க. நாலு நாளைக்கு ஆள் இருக்குது" என்றார் ஆலைக் கணக்குப்பிள்ளை. வேறு இரண்டு ஆலைகளுக்குப் போனேன். அங்கே வரிசை இன்னும் நீளம். மறுநாள் காலையில் திரும்பி வந்து ஒரு கிழங்கை ஒடித்துப் பார்த்தேன். நீலக் கோடு விழத் தொடங்கியிருந்தது; அன்றே அரைபடாவிட்டால் கருத்துவிடும். பிள்ளைகள் சோற்றில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன் என்று லாரிச் சக்கரத்தருகே உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

அன்று முறை என் சித்தப்பா மகனுடையது. ஆட்களைக் கூட்டிப்போக வந்தவன் என்னைப் பார்த்தான். நேரே கணக்குப்பிள்ளையிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தான்.

"இன்னிக்கு நீங்க இறக்குங்கண்ணா. என்ற கெழங்கு இன்னும் மண்ணுக்குள்ளதான இருக்குது. நாலு நாள் சேத்தி இருந்தா கெட்டா போயிரும்?"

"சாப்பிட்டியா சாமி?" என்று மட்டும் கேட்டேன்.

என் கிழங்கு அன்று சாயங்காலமே அரைபட்டது. அவனும் என்னைப் போல முன்கூட்டியே பிடுங்கியிருந்தால், மனம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விட்டுக்கொடுத்திருக்க முடியாது. அதனால் அவனுக்கு மட்டுமல்ல, நான் ஏசிய அந்த ஆலைக்காரருக்கும் நன்றிக்கடன்பட்டவன் நான்.

அடுத்த வருடம் முறை போடும் முன்பே ஆலைக்குப் போய், "தம்பிக்கு முந்தின நாளை எனக்குப் போடுங்க" என்றேன். கணக்குப்பிள்ளை ஏன் என்று கேட்டார்.

"அவனுக்கு ஒரு அவசரம்னா, குடுக்கறதுக்கு என்ற கையில ஒரு நாள் இருக்கோணுமுங்க."