நட்சுனோவின் இடக்கை

எங்கள் நூலகத்தில் ஹோசுமி வாய் திறந்து பேசியதைவிடப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிகம். இடித்த புகைப்படக் கடையொன்றிலிருந்து, போர்க்கால விமான ஆலையில் எடுத்த கண்ணாடி நெகட்டிவ் தகடுகள் நானூறு எங்களிடம் வந்திருந்தன. அவற்றைப் பிரதியெடுத்து, யார் யாரென்று கண்டுபிடிக்கும் வேலையை அவளாகத் தலையில் போட்டுக்கொண்டாள். மதியச் சோற்றுருண்டை மேசையிலேயே காய்ந்து கிடக்கும்.

"ஏண்டி, தின்னுட்டுத் தேடேன். படத்துல இருக்கிறவங்க எங்கயும் ஓடிட மாட்டாங்க" என்பேன்.

"தேடி வர்றவங்க போயிடுவாங்களே. எல்லாருக்கும் வயசாகுதுடி."

அப்படித் தேடி வந்தவர் கினுகோ அம்மா, எண்பதைத் தாண்டியவர். அவருடைய அக்கா நட்சுனோவைப் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த ஆலை வேலைக்கு அனுப்பினார்கள். குண்டுவீச்சில் அங்கேயே போய்விட்டாள். வீடும் எரிந்ததில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அப்போது கினுகோவுக்கு மூன்று வயது.

"இடக்கையால சாப்பிட்டுத் தினம் அடி வாங்குவாளாம். அம்மா சொன்னது அவ்வளவுதான். சாகறதுக்குள்ள அந்த மூஞ்சிய ஒரு தடவ பாத்துடணும்மா."

ஐந்து மாதம் தேடி ஒரு தகட்டைப் பிடித்தாள் ஹோசுமி. விமான இறக்கையில் ஆணி அறையும் இரண்டு பெண்கள். உறைமேல் இரண்டு பெயர்கள்: ஒன்று நட்சுனோ, மற்றது பூச்சி அரித்தது. ஒருத்திக்குச் சுத்தியல் இடக்கையில். அவள் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தாள். கினுகோ அம்மா அதை வீட்டுப் பூசைமாடத்தில் வைத்துத் தினமும் சோறு படைத்தார்.

நாற்பது நாள் கழித்து ஹோசுமியின் மாமா இறந்தார். மறுநாள் தலைகூட வாராமல் நூலகத்துக்கு ஓடி வந்து முழுப் படத்தையும் என் முன்னால் போட்டாள்.

"கழுத்தப் பாருடி! நேத்து மாமாவுக்கு இப்படித்தான் உடுத்தி விட்டாங்க."

பார்த்தேன். உயிரோடிருப்பவர்கள் கிமோனோவின் இடது மடிப்பை மேலே போட்டு உடுத்துவோம். பிணத்துக்குத்தான் வலது மடிப்பு மேலே வரும். படத்தில் இரண்டு பெண்களுக்கும் வலதுதான் மேலே. தகட்டைப் பக்கம் மாற்றி வைத்துப் பிரதியெடுத்து இடத்தை வலமாக்கியிருக்கிறாள், பாவி!

புரட்டி வைத்தோம். மடிப்புகள் சரியாயின. நாங்கள் கொண்டாடிய பெண்ணின் சுத்தியல் வலக்கைக்குப் போயிற்று. நாங்கள் ஏறெடுத்தும் பாராத மற்றவள் இடக்கையை ஓங்கி நின்றாள். அம்மாடி! எழுபத்தெட்டு வருஷமாக அந்தக் கை ஓங்கியபடியே காத்திருந்திருக்கிறது!

"யார் பெத்த பொண்ணுக்கோ நாப்பது நாள் சோறு வைக்க வச்சிட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?" என்று அழுதாள். நானும் துணைக்குப் போனேன்.

விஷயத்தைச் சொல்லிப் பாயில் நெற்றி பட விழுந்தாள் ஹோசுமி. கினுகோ அம்மா புதுப் படத்தையே பார்த்தார். விரலால் அந்தக் கையைத் தடவினார்.

"அக்கா" என்றார், மூன்று வயதுக் குழந்தை மாதிரி.

பிறகு, மாடத்திலிருந்த பழைய படத்தை எடுத்துப் போக ஹோசுமி கை நீட்டினாள். பட்டென்று தட்டிவிட்டார் அம்மா.

"அவள எங்க கொண்டு போற? பேரக்கூடப் பூச்சி தின்னுடுச்சு. உன்கிட்ட வந்தா யாரு சோறு வைப்பா, நீயே ஒழுங்கா திங்கறதில்ல!"

எழுந்துபோய் இன்னொரு கிண்ணத்தில் சோறு போட்டுக்கொண்டு வந்தார்.