அமகிரோ என்று எழுதிய கை

டாக்டர் தோப்பிஸ்டா நக்காபிரிக்கு மூக்குக்கு மேல் கோபம். மசாக்கா பக்கத்து அந்த ஆஸ்பத்திரியில் காவல்காரரிலிருந்து கண்காணிப்பாளர் வரை அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இல்லை. கோபப்படாமல் என்ன செய்வார்? நான்கு மாவட்டத்துக்கும் மனநல மருத்துவர் அவர் ஒருவர்தான். பிள்ளை பெற்று மனம் கலங்கிய பெண்ணைப் பிள்ளையோடு படுக்கவைக்க ஓர் அறை கேட்டுப் பதினோரு வருடமாக எழுதுகிறார். பைத்தியக்கார வார்டில் பிள்ளைக்கு என்ன வேலை என்று மேலிடம் பதில் எழுதுகிறது. வசதியுள்ளவள் தலைநகர் கம்பாலாவுக்குப் போய்ப் பிள்ளையோடு குணமாகித் திரும்புகிறாள். இல்லாதவள்தான் பிள்ளையைப் பறிகொடுக்கிறாள்.

அந்தக் கோபத்தில் பாதி அவர் மேலேயே. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரசவமான பத்தாம் நாள் பிதற்றத் தொடங்கிய ஒருத்தியின் சிகிச்சை நோட்டில் ‘அமகிரோ’ என்று எழுதினார். குடும்பத்துக்குப் புரியட்டும் என்று அந்த நோய்க்கான ஊர்ச்சொல்லை எழுதிய பெரிய மனசு! கர்ப்பத்தில் வேறொருவனோடு படுத்தவளுக்குத்தான் அமகிரோ வரும் என்பது ஊர் நம்பிக்கை. டாக்டரே எழுதிவிட்டார், வேறென்ன சாட்சி வேண்டும்? குலத்தார் கூடி நோட்டை வாசித்தார்கள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, பால் கட்டிய மார்போடு அவளைப் பிறந்த வீட்டுக்கு விரட்டினார்கள். பிள்ளை இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. அதன் பிறகு அந்தச் சொல்லை டாக்டர் எழுதியதே இல்லை.

போன திங்கட்கிழமை காலை ரெஸ்டி என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ஐந்து நாளாகத் தூக்கமில்லை. கைகளை வாழைநாரால் கட்டியிருந்தார்கள். அவளுடைய பன்னிரண்டு நாள் பெண் குழந்தை மாமியார் மரியாவின் முதுகில் இருந்தது.

“அமகிரோன்னு எழுதுங்க டாக்டரம்மா. எவன்கூடப் போனேன்னு பேரச் சொன்னாத்தான் இவளுக்குச் சரியாகும். வாயத் தொறக்க மாட்டேங்கிறா.”

“முதல்ல கட்ட அவுருங்க! இது நோய். மருந்து குடுத்தா ஒரு மாசத்துல உங்க மருமக எந்திரிச்சு மத்தோக்கே வாழைக்காய் அவிப்பா.”

“அவிக்கட்டும், அவ அம்மா வீட்டுல. பிள்ளை எங்க குலத்துது. நான் கொண்டுபோறேன்.”

டாக்டர் வாசலை மறித்து நின்றார். நர்ஸ் ஒருத்தி, “வார்டுல பிள்ளையச் சேர்க்க விதி இல்லையே டாக்டர்…” என்று இழுத்தாள்.

“விதியத் தூக்கி அடுப்புல போடு! என் ரூம்ல கட்டில் போடு. தாயும் பிள்ளையும் அங்க இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்.” மரியா பக்கம் திரும்பினார். “நீங்களும் பெத்தவங்கதானே? கொஞ்சம்கூட நெஞ்சுல ஈரம் இல்லையா?”

மரியா முதுகுத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“ஈரமா? எனக்கும் இதே வந்துச்சு. மூத்தவ பொறந்து ஒம்பது நாளு. பேரச் சொல்லு, பேரச் சொல்லுன்னு அடிச்சாங்க. அடி தாங்காம ஊருலயே இல்லாத ஒருத்தன் பேரச் சொன்னேன். ஒரு வருஷம் கழிச்சு என்னச் சேத்துக்கிட்டாங்க. அதுக்குள்ள எம்புள்ள பல்லு மொளைக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டா.”

“தெரிஞ்சுமா இவளுக்கு அதையே செய்றீங்க?”

“இது நோயின்னு எவ வந்து சொன்னா எங்கிட்ட? நாப்பது வருஷம்! நீங்கல்லாம் எங்க இருந்தீங்க?”

டாக்டருக்குக் கோபம் இருந்தது. அதை மரியாவின் மேல் காட்ட முடியவில்லை.

மரியா போய் மருமகளின் கைக்கட்டை அவிழ்த்தாள். முதுகுத் துணியைத் தளர்த்திப் பிள்ளையை எடுத்து ரெஸ்டியின் மார்பில் வைத்தாள். விழுந்துவிடாதபடி இரு கையாலும் தாங்கிக்கொண்டாள்.

“பேரு ஒண்ணும் சொல்ல வேணாம்டி,” என்றாள். “பால் குடு.”