துப்பாக்கி உறை வெங்கடாசலம்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஊர்த் தமிழர்களில் வெங்கடாசலங்கள் பலர் உண்டு. நம்மவருக்கு மட்டும் ‘துப்பாக்கி உறை’ என்று பட்டம். கோபிசெட்டிபாளையத்துக்காரர், முட்டைகூடத் தொடாதவர். துப்பாக்கியைத் திருவிழாவில் பலூன் சுடப் பிடித்ததோடு சரி. சான்டா கிளாராவில் சிப் டிசைன் வேலை. வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் ஒரு கராஜ் சேலில், மூக்குக்கண்ணாடி வைக்க வாகாக இருக்குமே என்று தோல் உறை ஒன்றை வாங்கினார். அது ரிவால்வர் உறை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும், அதை சாமி அலமாரிப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்றாள் மனைவி ஷ்யாமளா. மனுஷருக்கோ அதன் பின்புறம் இருந்த ‘ஈ.பி.’ என்ற முத்திரைமேல் பைத்தியம் பிடித்துவிட்டது. யார் அந்த ஈ.பி.?

பெரிய கம்பெனி உறைகளைப் பற்றிப் புத்தகம் எழுத ஆள் இருந்தது. வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து கையால் தைத்துவிட்டுச் செத்துப்போனவர்களைச் சீந்துவாரில்லை. வெங்கடாசலம் அவர்களைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் மற்றவர்கள் மௌரி அவென்யூ இந்தியக் கடைகளில் வெண்டைக்காய் ஒடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் டெக்சாஸுக்கு ஃபோன் போட்டு அந்தத் தையல்காரர்களின் விதவைகளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

1997-ல் ஈ.பி. அகப்பட்டார். எல்வுட் ப்ராண்ட், காலமாகிவிட்டவர். ஆபீஸ் வேலையாக ஆஸ்டின் போன வெங்கடாசலம், அங்கிருந்து கார் எடுத்துக்கொண்டு அவர் மனைவி லூயிஸ் அம்மாளைப் பார்க்கப் போனார்.

“காபி குடிக்கிறீர்களா?” என்றார் அம்மாள்.

“நோ, நோ, அதெல்லாம் வேண்டாம்” என்றார் இவர். நம் பக்கத்தில் முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்கு. வற்புறுத்திய பிறகுதான் டம்ளரை வாங்குவோம். லூயிஸ் அம்மாள் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டார். பட்டும் புத்தி வரவில்லை.

கிளம்பும்போது அம்மாள் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். அட்டையில் வெட்டிய உறை மாதிரிகள், ஊசிகள், அந்த ‘ஈ.பி.’ அச்சு, பட்டறையில் எல்வுட் சிரித்துக்கொண்டு நிற்கும் படங்கள். வெங்கடாசலம் வருஷக்கணக்கில் தவம் கிடந்தது இதற்குத்தான்.

“உங்களுக்கு வேண்டுமா?”

வெங்கடாசலத்தின் வாயோ, பழக்க தோஷம், “நோ, நோ, பரவாயில்லை, உங்களிடமே இருக்கட்டும்” என்றது. பெட்டி மூடப்பட்டது. இன்னொரு தடவை கேட்பார் என்று வாசலில் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். அம்மாள் கேட்கவில்லை.

“ஏனுங்க, அவங்க என்ன எங்க அத்தையா, கையில திணிச்சு அனுப்பறதுக்கு?” என்று வீட்டில் கத்தினாள் ஷ்யாமளா. “ஃபோன் பண்ணி வேணும்னு ஸ்ட்ரெயிட்டா சொல்லுங்க!”

நாசூக்காக எப்படிக் கேட்பது என்று யோசித்து யோசித்து, ஒரு வாரம் கழித்து ஃபோன் செய்தார்.

“குப்பை வண்டியில் போட்டுவிட்டேனே” என்றார் லூயிஸ் அம்மாள். “கலிஃபோர்னியாவிலிருந்து ஒருவர் தேடி வருகிறார் என்றதும், எல்வுட் ஏதோ பெரிய காரியம்தான் செய்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். விஷயம் தெரிந்த நீங்களே வேண்டாம் என்றுவிட்டீர்கள். அப்புறம் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?”

“வேணுங்க” என்றார் வெங்கடாசலம், தமிழில். “எனக்கு வேணுங்க.”