பாலம் போன பிறகு அல்மீடா

கூரை போட்ட மரப்பாலத்துக்குள் மண்வெட்டியால் பனி அள்ளிப் போடுகிற பெண்ணைப் பார்த்தால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அமெரிக்காவில் எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் குளிர்காலம் முழுக்கச் சறுக்குவண்டிதான். பலகைமேல் பனி இல்லாவிட்டால் குதிரையால் இழுக்க முடியாது. கூரையோ பனியை உள்ளே விடாது. ஆகவே பனி போட ஓர் ஆள் வேண்டும். எங்கள் ஊரில் அந்த ஆள் அல்மீடா கோல்பி. புருஷன் செத்த பிறகு ஊரோடு சண்டை போட்டு அந்த வேலையை வாங்கினாள். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரே வீடும் அவளுடையதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷத்து நவம்பர் வெள்ளம் பாலத்தைக் கூரையோடு அடித்துக்கொண்டு போய்விட்டது. விறகுக்குக்கூட ஒரு துண்டு மிஞ்சவில்லை. ஒரு வீட்டுக்கு எதற்குப் பாலம், அக்கரைப் பாதையையே மூடிவிடலாம் என்றான் ஊர்த்தலைவன் ஹார்லன் பிராட். அடுத்த மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் அதற்கு ஓட்டு. பாதை போனால் அவள் பண்ணையும் போச்சு. கூட்டத்துக்கு நேரில் வந்தவருக்குத்தான் பேச்சும் ஓட்டும். ஆற்றின்மேல் உறைந்திருந்த பனிக்கட்டி உடையத் தொடங்கியிருந்தது; அவள் எங்கே வரப்போகிறாள் என்று ஹார்லனுக்குத் தைரியம். அவன்மேல் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

"அக்கரைலேர்ந்து யாருக்காச்சும் ஆட்சேபம் உண்டா?" என்று இளித்துக்கொண்டே கேட்டான்.

அரங்கின் கதவு திறந்தது. இடுப்புவரை ஈரத்தோடு அல்மீடா, தோளில் ஏணி. கனம் ஒரே இடத்தில் அழுத்தாதபடி அதைப் பனிக்கட்டிமேல் படுக்கப் போட்டுத் தவழ்ந்தே வந்திருக்கிறாள்.

"எனக்கு உண்டு."

"பைத்தியமா உனக்கு? பேசாம இக்கரைக்குக் குடிவந்துடு, அல்மீடா."

"பள்ளிக்கூடத்துலேர்ந்தே உனக்கு இதே நாட்டாமைதான். எங்கப்பா காடு வெட்டித் திருத்தின நிலம், நகரமாட்டேன். மூடக் கூடாதுங்கறது என் ஓட்டு, எண்ணிக்கோ. நீங்க பேசி முடிக்கிறவரைக்கும் மாடு காத்திருக்காது."

ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கூட்டம் மொத்தமும் ஆற்றங்கரைவரை பின்னால் ஓடியது. அவள் இடுப்பில் கயிறு கட்டியது நான்தான்.

"இன்னிக்கு இங்கயே தங்கேன்" என்றேன்.

"நீ வந்து பால் கறப்பியா?"

நடு ஆற்றில் பனிக்கட்டி பிளந்து ஏணியின் ஒரு முனை முங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. கயிற்றை இறுகப் பிடித்தவர்களில் ஹார்லனும் ஒருவன். அவள் கையூன்றி எழும்பி, மறுபடி தவழ்ந்தாள். அக்கரையில் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு மாட்டுக்கொட்டகையைப் பார்த்து நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஓட்டு அரங்குக்குள்தான் எடுக்க வேண்டும் என்பது முறை. அது யாருக்கும் நினைவில்லை. ஹார்லன் கரையில் நின்றபடியே தொண்டையைச் செருமினான்.

"பாதையை மூடணுங்கறவங்க?"

ஒரு கைகூட உயரவில்லை. அவன் கையும்தான்.