கோமதிநாயகத்தின் முதல் கைமாற்று

சங்கரன்கோவிலில் கோமதிநாயகம் போய் நிற்காத வீட்டு வாசல் குறைவு. அவருக்கென்று ஒரு வீடு மட்டும் இல்லை. மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கும் வேலை. இருபத்தாறு வருஷமாக, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊரார் வாசலில் நின்று "ரீடிங்!" என்று குரல் கொடுக்கிறார். உள்ளேயிருந்து, "அந்தா இருக்கு, பாத்துட்டுப் போங்க" என்று பதில் வரும். எந்த வீட்டில் ஏசி வாங்கியிருக்கிறார்கள், எந்த வீட்டில் தறி ஓடாமல் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு யூனிட்டாகத் தெரியும். குடியிருக்கும் வாடகை வீட்டில் மட்டும், யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வீட்டுக்காரர் போடும் கணக்குக்கு வாயைத் திறக்காமல் கொடுத்துவிடுவார்.

அவருடைய பெருமை ஒன்றே ஒன்றுதான்: கடன் வாங்கியதில்லை. அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் ஆரம்பத்திலிருந்து உறுப்பினர். ஆண்டுக் கூட்டத்தில் எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கடன் மனு மட்டும் வாங்கமாட்டார். கூட வேலை பார்க்கும் பாண்டியராஜன் பைக்கிலிருந்து மகள் கம்மல் வரை எல்லாவற்றையும் தவணையில் வாங்குகிறவர். தினமும் பதினோரு மணி டீயோடு அவருக்குப் புத்தி சொல்வது கோமதிநாயகத்துக்கு வேலையின் ஒரு பகுதி.

மனைவி கனகலட்சுமி பிளவுஸ் தைக்கிறவள். பதினோரு வருஷமாக மகளிர் குழுவில் கடன் வாங்குவாள், கட்டுவாள், மறுபடி வாங்குவாள். செவ்வாய்க்கிழமைத் தவணை ஒன்றுகூடத் தவறியதில்லை. அதையெல்லாம் கோமதிநாயகம் கடன் என்று எண்ணியதில்லை. பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்.

சித்திரையில் ராஜபாளையம் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்தது. சொந்தக்காரர் முகம்மது சாதிக், வளைகுடாவில் வேலை. ஆடி மூன்றாம் தேதி அவருக்கு விமானம். ஆடியில் பத்திரம் பதியக்கூடாது என்று கனகலட்சுமி சொல்லிவிட்டாள். ஆகவே ஆனி இருபத்தெட்டு என்று நாள் குறித்து, அவள் நகையை விற்ற இரண்டு லட்சத்தை அட்வான்ஸாகக் கொடுத்தார்கள். அன்றைக்குள் பத்திரம் முடியாவிட்டால் வீடும் இல்லை, அட்வான்ஸும் இல்லை.

வீட்டுக் கடனுக்காக முதல் தடவை வங்கிக்குப் போனபோது, மேலாளர் அப்ரீன் பானு கணினியைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். கடையநல்லூர்க்காரப் பெண், வயது முப்பதுக்குள், பேச்சில் தாராளம், கையெழுத்தில் கஞ்சம்.

"சார், உங்க பேர்ல ஒண்ணுமே வரலையே."

"எப்படிம்மா வரும்? நான் யார்கிட்டயும் அஞ்சு பைசா கடன் வாங்குனது கெடையாது."

"அதான் சார் சிக்கல்."

வாங்கித் திருப்பிக் கட்டினவனைத்தான் நம்பலாம், வாங்கவே வாங்காதவனை எதை வைத்து நம்புவது என்பது வங்கியின் நியாயம். அந்த நியாயத்தின்படி கோமதிநாயகம் என்று ஒருவர் உலகத்தில் இல்லை. கனகலட்சுமி இருந்தாள். அவளுடைய சிபில் ஸ்கோர் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று. சம்பளம் அவருடையது, நாணயம் அவளுடையது என்று இரண்டு பேரையும் சேர்த்து எழுதிக் கடனுக்கு அனுமதிக் கடிதம் கொடுத்தார்கள்.

திரும்பி வந்து ஆட்டோவை விட்டு இறங்கும்போது கனகலட்சுமி கேட்டாள். "ஏங்க, எழுநூத்துத் தொண்ணூத்தொண்ணு எவ்வளவுக்கு? ஆயிரத்துக்கா?"

"தொள்ளாயிரத்துக்கு."

"அப்ப நல்ல மார்க்குதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆனி இருபத்திரண்டாம் தேதி மறுபடி வங்கிக்குக் கூப்பிட்டார்கள். பணம் விடுவிக்கும் முன்பு இன்னொரு தடவை பார்ப்பது வழக்கமாம்.

"நடுவுல புதுசா ஏதாவது கடன் வாங்கினீங்களா சார்?"

"நானா? கோமதி அம்மன் சத்தியமா என் வீட்ல யாரும் வாங்கல."

"மேடம், நீங்க?"

"இல்லம்மா" என்றாள் கனகலட்சுமி. முகத்தில் ஒரு பொய்யும் இல்லை.

அப்ரீன் பானு திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். போன மாதம், எண்பதாயிரம், பெயர் கனகலட்சுமி, காரணம் தையல் தொழில் விரிவாக்கம்.

"ஓ, இதுவா! இது எங்க குழு முருகம்மா கடன்லா!" என்றாள் கனகலட்சுமி, யாரோ மறந்து வைத்துப்போன குடையை அடையாளம் காட்டுகிறவள் மாதிரி. "துட்டு அவளுக்கு. தவணையும் அவதான் கட்டுதா. பேரு மட்டும்தாம்மா என்னுது."

"பேங்குக்குப் பேரு மட்டும்தான் மேடம் தெரியும். இதனால உங்க வீட்டுக் கடன் கொறையும்."

கோமதிநாயகம் அம்மனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, வாதத்தில் ஓட்டை தேடினார். "ஏம்மா, பொண்டாட்டி வாங்குன கடனுக்குப் புருஷனோட கடன் எப்படிக் கொறையும்?"

"மேடம் இந்த மனுவுல இல்லைன்னா நாங்க அதைக் கேக்கவே மாட்டோம் சார். நீங்க சேந்துல்லா வாங்குதீங்க? ரெண்டு பேர் தவணையையும் ஒண்ணாத்தான் எண்ணுவோம். மாசம் நாலாயிரத்து இருநூறு புதுசா ஏறியிருக்கு. அந்தத் தவணைக்கு நாங்க குடுக்கக்கூடிய தொகை, கிட்டத்தட்ட நாலே முக்கால் லட்சம், உங்க வீட்டுக் கடன்ல கொறையும்."

"அப்ப இவ பேரை எடுத்துருங்க."

"எடுத்துரலாம். பெறகு நீங்க தனியா நிக்கணும். உங்க பேர்லதான் ஒண்ணுமே வரலையே சார்."

ஒரு வழிதான் இருந்தது. அந்த எண்பதாயிரத்தை முழுசாக அடைத்து, அடைத்ததற்குக் கடிதம் வாங்கி, இருபத்தேழாம் தேதிக்குள் கொண்டுவர வேண்டும். இதுவரை கட்டிய தவணை போக எழுபத்தையாயிரம் பாக்கி. விற்க நகையும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கோமதிநாயகம் சத்தம் போட்டார். "ஏட்டி, பேரு என்ன சீனியா, பக்கத்து வீட்டுக்கு ஒரு டம்ளர் அள்ளிக் குடுக்கதுக்கு?"

"அவ மகளுக்கு நர்சிங் சீட்டு. துட்டு கட்டக் கடைசி நாளு. அவ பேர்ல ஏற்கெனவே ஒரு கடன் ஓடுது. என் பேரு சும்மாதான கெடந்துச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொல்லிருந்தா விட்டுருப்பீங்களா?"

அவர் குரலை இன்னும் உயர்த்தினார். "இருபத்தாறு வருஷம் ஒருத்தன்ட்ட கைநீட்டாம இருந்தவன்ட்டி நான்!"

கனகலட்சுமி மெஷினை நிறுத்தினாள். "ஆறு வருஷத்துக்கு முந்தி ஏணியிலருந்து விழுந்து காலை ஒடிச்சீங்க. இன்சூரன்ஸ் போக அறுபதாயிரம் கட்டணும்னாங்க. அது எங்கனருந்து வந்துச்சுன்னு நெனைக்கீங்க?"

"நீ பிளவுஸ் தச்சுச் சேத்து வச்சது."

"ஆமா, அறுபதாயிரத்துக்குப் பிளவுஸு! என் பேர்ல அப்ப ஒரு கடன் ஓடுச்சு. முருகம்மா பேரு குடுத்தா. ரெண்டு வருஷம் நான் கட்டுனேன்." மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

கோமதிநாயகம் தன் வலது காலைப் பார்த்தார். ஆறு வருஷமாக ஊரெல்லாம் ரீடிங் எடுத்த கால். கடன் வாங்காதவர் என்ற பெருமையைத் தெருத் தெருவாக நடத்திக் கொண்டுபோனதும் அந்தக் கால்தான்.

மறுநாள் முருகம்மாள் கடை போட்டிருக்கும் பூ மார்க்கெட்டுக்குப் போனார். வைவதற்காகத் தயார் செய்த வாக்கியங்களில் பாதியை வழியிலேயே உதிர்த்திருந்தார். முருகம்மாள் பிச்சிப்பூவை எடை போட்டபடி நிமிர்ந்தாள். எப்போதும் கேட்பதைத்தான் கேட்டாள். "வாங்க அண்ணாச்சி, கால் எப்படி இருக்கு?"

இத்தனை நாளும் மரியாதைக்குக் கேட்கிறாள் என்று நினைத்த கேள்வி அது. இன்றைக்கு ஜாமீன்தாரரின் கேள்வியாகக் கேட்டது.

"நல்லாருக்கு முருகம்மா" என்றார், வேறென்ன சொல்ல?

அவளுக்கு விஷயம் முந்தின சாயங்காலமே தெரியும். கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினாள். "முப்பதாயிரம் இருக்கு அண்ணாச்சி. ஹாஸ்டலுக்குக் கட்ட வச்சிருந்தது. மத்ததெல்லாம் காலேஜுக்குப் போயிட்டு. எம்மகா படிப்புக்காவ உங்க வீடு போச்சுன்னா நான் அக்கா மூஞ்சில முழிக்க முடியாது."

"ஹாஸ்டலுக்கு என்ன செய்வ?"

"எங்க குழுவுல ஜஸீமா பேரு குடுக்கேன்னுருக்கா."

கோமதிநாயகம் எதையோ சொல்ல வாயெடுத்து, காலைப் பார்த்துவிட்டு, பையை வாங்கிக்கொண்டார்.

மீதி நாற்பத்தையாயிரம். சங்கத்தில் மனுப் போட்டால் அதுவும் புதுக் கடனாகத் திரையில் ஏறும். நல்ல பிள்ளையாகக் கடன் வாங்க முடிவு செய்த அன்றைக்கு நல்ல வழியெல்லாம் அடைத்திருந்தது. மிச்சம் இருந்தது பதினோரு மணி டீக்கடைதான்.

அன்று டீக்குக் காசு கொடுத்தவர் கோமதிநாயகம். பாண்டியராஜன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "என்னவே, உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"ஒரு நாப்பத்தஞ்சு வேணும்."

"என்னது, வடையா?"

"ஆயிரம்வே, ஆயிரம்."

"எப்படி வேணும்? மொய்யாவா?"

"இல்ல… வந்து… திருப்பித் தாரமாதிரி."

"அதுக்கு ஒரு பேரு உண்டும்லா? நீருதான் தெனமும் சொல்லுவீரே. மறந்துட்டேன், சொல்லும் பாப்போம்."

கோமதிநாயகம் சுற்றிலும் பார்த்தார். கடையில் இருந்த எல்லோர் வீட்டு மீட்டரும் அவருக்குத் தெரியும். "கடன்" என்றார் மெதுவாக.

"காது கேக்கலவே."

"கடன்வே! கடன் வேணும்!"

மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். பாண்டியராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சீட்டு எடுத்த பணம் போன வாரம்தான் வந்திருந்தது. சாயங்காலம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை.

"வட்டி என்னவே?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"இனிமே நீரு எனக்குப் புத்தி சொல்லப்படாது. அதான் வட்டி."

அவர் வாழ்க்கையில் கட்டிய மிகக் கடுமையான வட்டி அதுவாகத்தான் இருக்கும்.

இருபத்தேழாம் தேதி கடிதத்தோடு வங்கியில் போய் உட்கார்ந்தார்கள். அப்ரீன் பானு படித்தார், தலையசைத்தார், வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வேற புதுக் கடன் ஏதும் இல்லையே?"

கனகலட்சுமி அவர் காலை மிதித்தாள், அதே வலது காலை. ஆனால் அம்மன் பேரில் ஒரு பொய்ச் சத்தியம் ஏற்கெனவே பாக்கியிருந்தது. "இருக்கும்மா" என்றார். "கூட வேலை பாக்குறவர்ட்ட நாப்பத்தையாயிரம் கைமாத்து வாங்கிருக்கேன். தீபாவளி போனஸ்ல குடுத்துருவேன்."

அப்ரீன் பானு சிரித்துவிட்டார். "மாசத் தவணை இல்லைல்லா? அது எங்க கணக்குல வராது சார்."

பணம் விடுவிக்கும் தாளில் கையெழுத்து விழுந்தது. கோமதிநாயகத்துக்கு மட்டும் ஒரு சின்ன வருத்தம். ஆயுளில் முதல் தடவையாகக் கடன் வாங்கியும், வங்கி அதை ஒரு கடனாக மதிக்கவில்லை.

ஆனி இருபத்தெட்டில் பத்திரம் பதிந்தது. ஆவணியில் பால் காய்ச்சினார்கள். பந்தலுக்குப் பூ முழுக்க முருகம்மாள் செலவு. புரட்டாசியில் ராஜபாளையம் ரோட்டுப் பகுதி ரீடிங்குக்கு வந்தது. கோமதிநாயகம் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, பதினேழாவது வாசலில் நின்றார். வேலை வேலைதான். தொண்டையைச் செருமினார்.

"ரீடிங்!"

உள்ளே தையல் மெஷின் நிற்கவில்லை. "அந்தா இருக்கு, பாத்துட்டுப் போங்க."

கோமதிநாயகம் எண்ணைக் குறித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார்.

"எங்கனட்டி போவ?" என்றார். "காப்பி இருக்கா?"